செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம்: ஃபிளாஷ் ஒரே அளவாக விழ என்ன செய்ய வேண்டும்?

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கானாடுகாத்தானில் வீட்டோடு நடந்த கல்யாணம் அண்ணே. கேமராவை மேனுவலில்தான் வைத்திருந்தேன், ஃபிளாஷ் மட்டும் டிடிஎல் (பவரைக் கேமராவே முடிவு செய்யும் முறை). ஒரே இடத்தில் நின்று எடுத்ததில் ஒரு படம் வெளுத்திருக்கிறது, அடுத்த படம் இருண்டிருக்கிறது. ஆல்பம் போடுகிறவர் சத்தம் போடுகிறார். ஃபிளாஷை மாற்றிவிடலாமா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் தம்பி. முதலில் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆட்டோ ஐஎஸ்ஓவை (ஒளிக்கேற்ப கேமரா தன் உணர்திறனைத் தானே மாற்றும் வசதி) அணைத்து, ஃபிளாஷை மேனுவலில் 1/16 பவருக்குக் கொண்டுவந்து, ஒரு நாற்காலியை நாலைந்து விநாடி இடைவெளி விட்டு வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். பத்தும் ஒன்றுபோல வந்தால் ஃபிளாஷில் குறை இல்லை. மாறி மாறி வந்தால் பேட்டரி, இல்லாவிட்டால் கேமராவின் மேல் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் சேர்ந்த அழுக்கு, அதுவும் இல்லையென்றால்தான் ஃபிளாஷ். நீங்கள் சொல்கிற விதத்தைப் பார்த்தால் பத்தும் ஒன்றுபோலத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் டிடிஎல் செய்கிற வேலை அப்படி. படம் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஃபிளாஷ் ஒரு சின்ன ஒளியை அனுப்பும், அது திரும்பி வரும் அளவைப் பார்த்துக் கேமரா பவரை முடிவு செய்யும். முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் அது அளக்கிறது. பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் பங்காளிகள் பத்துப் பேர் நின்றால் ஒளி நிறையத் திரும்பி வரும், கேமரா பவரைக் குறைத்துவிடும், முகம் கருத்துப்போகும். அதே ஆட்கள் பர்மாத் தேக்குக் கதவுக்கு முன்னால் தள்ளி நின்றால் கதவு ஒளியை விழுங்கிவிடும், கேமரா பவரைக் கூட்டும், முகம் வெளுத்துப்போகும். நீங்கள் எதையும் மாற்றவில்லை, பின்னால் இருந்த பொருள்தான் மாறியது.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தத் தொல்லை மற்ற இடங்களைவிட அதிகம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சில் பளபளவென்று தேய்த்த சுவர் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். முகப்பில் வரிசையாக மாட்டியிருக்கும் முன்னோர் படங்களின் கண்ணாடி, பெல்ஜியம் நிலைக்கண்ணாடி, பெண்ணின் கழுத்துரு (செட்டிநாட்டுத் தங்கத் தாலி), சேலையின் ஜரிகை, இவற்றில் எது ஒன்றில் அந்த முன்னொளி பட்டுத் திரும்பினாலும் கணக்கு தவறிவிடும். அரை அடி நகர்ந்தால் கண்ணாடியில் ஒளி படாது, எக்ஸ்போஷர் வேறாகிவிடும். அதனால் சுவருக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் சாய்வாக நின்று எடுக்கப் பழகுங்கள்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஃபிளாஷுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் மாறாத இடத்தில் மேனுவல், மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் டிடிஎல்.

திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். அங்கே டிடிஎல்லை நம்புவது தேவையில்லாத ஆபத்து. கணக்கு சுலபம். ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்தான் கைடு நம்பர், அதை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி சரியாக விழும் தூரம் மீட்டரில் வரும். 35 எம்எம் ஜூமில், ஐஎஸ்ஓ 100இல் கைடு நம்பர் 36 உள்ள ஃபிளாஷ் என்று வைத்துக்கொள்வோம். 1/16 பவரில் அது 9 ஆகும், ஐஎஸ்ஓ 800இல் சுமார் 25. அதை 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை மீட்டர். அதாவது எஃப் 5.6 வைத்து நாலரை மீட்டரில் நேராக அடித்தால் சரியாக விழும். 2 மீட்டருக்குச் சரியாக இருக்கும் ஒளி 2.8 மீட்டரில் பாதியாகும், 4 மீட்டரில் கால்பங்குதான் மிஞ்சும். கூட்டம் நெருக்கி உங்களை முன்னே பின்னே தள்ளும்போது ஃபிளாஷ் கேமராவின் தலையில் இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அதனால்தான் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்கித் தூண் ஓரமாக ஸ்டாண்டில் வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஸ்டாண்டில் இருந்து மணமக்களுக்கு உள்ள தூரம் மாறாது, அப்புறம் நீங்கள் எங்கே நகர்ந்தாலும் எக்ஸ்போஷர் அப்படியே நிற்கும். இரண்டு பக்கம் இரண்டு ஃபிளாஷ், கம்பியில்லாமல் அவற்றை இயக்க ரேடியோ டிரிக்கர், ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை. வீட்டு ஆச்சியிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆட்கள் நடக்கிற வழியை மறைக்காமல் வையுங்கள்.

ஆட்கள் வந்துபோகிற இடம், மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, இங்கெல்லாம் டிடிஎல் போடுங்கள், ஆனால் அதைச் சும்மா விடாதீர்கள். வெள்ளை வேட்டிக் கூட்டமென்றால் ஃபிளாஷ் காம்பன்சேஷனில் முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) கூட்டுங்கள், பின்னால் இருட்டு என்றால் அதே அளவு குறையுங்கள். ஃபிளாஷ் எக்ஸ்போஷர் லாக் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதைப் பலர் தொடுவதே இல்லை. முகத்தைப் பிரேமின் நடுவே வைத்து லாக் செய்துவிட்டு, பிரேமை மாற்றி எடுத்தால் பின்னால் கண்ணாடி இருந்தாலும் கவலை இல்லை. கேனான் வைத்திருப்பவர்கள் ஃபிளாஷ் மீட்டரிங்கை ஆவரேஜுக்கு மாற்றிப் பாருங்கள், ஏற்ற இறக்கம் கொஞ்சம் அடங்கும்.

பவுன்ஸ், அதாவது ஃபிளாஷைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திரும்ப வைப்பது பற்றி எச்சரிக்க வேண்டும். மண்டபத்தில் வெள்ளைக் கூரையில் அடித்துப் பழகியவர்கள் இங்கே வந்தும் ஃபிளாஷை மேலே திருப்புகிறார்கள். பல வீடுகளில் கூரை தேக்கு மரம், அதில் பட்டு வரும் ஒளி பழுப்பேறித்தான் வரும், முகத்தின் நிறமே மாறிவிடும். கூரை உயரமும் அதிகம், வளவுக்கு (வீட்டின் நடு முற்றப் பகுதி) நடுவே வானம்தான். அங்கே மேலே அடித்தால் எதுவும் திரும்பி வராது, ஃபிளாஷ் முழுப் பவரில் எரிந்து சூடாகும், அவ்வளவுதான். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அதில் அடியுங்கள், மென்மையாக வரும்.

அடுத்து, நிரம்பாத ஃபிளாஷ். தாலி ஏறும்போது எல்லோரும் தொடர்ந்து அழுத்துவோம், மூன்றாவது படத்துக்குள் ஃபிளாஷில் மின்சாரம் நிரம்பியிருக்காது, படம் இருண்டுவிடும். இதற்கு வழி ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றிப் பவரை 1/16, 1/32க்கு இறக்குவதுதான். இன்றைய கேமராக்களில் 1600 ஒரு பிரச்சினையே இல்லை. சாதாரண அல்கலைன் செல்லைப் போடாதீர்கள், நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (NiMH) செல் அல்லது லித்தியம் பேட்டரி உள்ள ஃபிளாஷ் சீக்கிரம் நிரம்பும்.

கிட் லென்ஸ் வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 18-55 லென்ஸில் எஃப் 3.5 வைத்துவிட்டு ஜூம் செய்தால் அது தானாக 5.6 ஆகிவிடும், மேனுவல் ஃபிளாஷில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் போச்சு. ஆரம்பத்திலேயே 5.6 வைத்துவிடுங்கள்.

காலை முகூர்த்தத்தில் வளவுக்குள் விழும் வெயிலும் மேகமும் மாறிக்கொண்டே இருக்கும். ஃபிளாஷ் நிலையாக இருந்தாலும் அந்த வெளிச்சம் படத்தை மாற்றும். முகப்புக்குள் என்றால் சுற்றியுள்ள வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் கீழே வைத்து ஃபிளாஷையே முதன்மையாக்குங்கள். வளவு ஓரத்தில் என்றால் பகல் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, ஃபிளாஷை ஒரு ஸ்டாப் குறைத்து நிழலை மட்டும் நிரப்புங்கள். ஷட்டர் 1/200ஐத் தாண்ட வேண்டாம், தாண்டினால் ஹை ஸ்பீடு சிங்க் (ஃபிளாஷ் ஒரே வீச்சாக இல்லாமல் விட்டுவிட்டு வேகமாக எரியும் முறை) வந்து பவரைத் தின்றுவிடும்.

ஸ்டாண்டு ஃபிளாஷ்களை ஆப்டிகல் ஸ்லேவில் (வேறொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்ததும் தானும் எரியும் முறை) மட்டும் விட்டுவிடாதீர்கள். பெண் வீட்டாருக்கு ஒருவர், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒருவர் என்று இரண்டு போட்டோகிராபர் வரும் கல்யாணத்தில் மற்றவர் அழுத்தும்போதெல்லாம் உங்கள் ஃபிளாஷ் எரிந்து, நீங்கள் அழுத்தும் நேரம் நிரம்பாமல் நிற்கும். ரேடியோவிலும் அவர் என்ன சேனல் வைத்திருக்கிறார் என்று முதலிலேயே கேட்டு, நீங்கள் வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.