உலாவித் தாவலில் என் வலைத்தளத்தின் சின்னம் தெரிய என்ன செய்ய வேண்டும்?

நீங்களே எழுதி ஏற்றிய தளத்தைத் திறந்தால் தாவலில் உலக உருண்டை மட்டும் தெரிகிறது என்றும், அங்கே உங்கள் சின்னத்தை வரவழைப்பது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். சின்னத்தை இணைப்பதற்கு ஒரு வரி போதும். படத்தைத் தயாரிப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபேவிகான் எனப்படும் இச்சின்னம் 1999இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியோடு வந்தது. சாதாரணத் திரையில் அது 16க்கு 16 பிக்சல், அதாவது மொத்தம் 256 புள்ளிகள் கொண்ட இடத்தில்தான் தெரியும். பனைத்தொழில் பற்றி நான் நடத்தும் சிறு தளத்திற்காக ஓலை ஓலையாக ஒரு பனைமரம் வரைந்து, அதைச் சுருக்கி வைத்தபோது தாவலில் ஒரு பச்சைக் கறைதான் தெரிந்தது. பிறகு ‘ழ’ என்ற எழுத்தை முயன்றேன். அதன் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இறுதியில், மூன்றே நேர்கோடுகளால் ஆன ‘ப’வை இரண்டு பிக்சல் தடிமனில் வரைந்த பிறகுதான் இருபது தாவல்களுக்கு நடுவிலும் என் தளத்தை உடனே கண்டுகொள்ள முடிந்தது. ஆகவே பெரிய சின்னத்தைச் சுருக்காமல், சிறிய அளவிற்கென்றே ஒன்றைத் தனியாக வரையுங்கள். பின்னணி இல்லாத கறுப்பு எழுத்து, இருண்ட நிறத் தாவலில் மறைந்துவிடும் என்பதால் பின்னணிக்கும் ஒரு நிறம் கொடுங்கள்.

படத்தைச் சதுரமாக, 48க்கு 48 பிக்சலில் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு எந்த அளவிலும் தெளிவாக இருக்கும் என்றாலும், பழைய சஃபாரி உலாவிகள் அதை ஏற்பதில்லை என்பதால் பிஎன்ஜியும் உடன் இருக்கட்டும். எஸ்விஜியில் தமிழ் எழுத்தை வைப்பவர்கள் அதை எழுத்தாக விடாமல் கோட்டுருவாக, அதாவது வெறும் வரைகோட்டு வடிவமாக மாற்றிய பின்பே சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகரின் கணினியில் உள்ள எழுத்துருவைப் பொறுத்து வடிவம் மாறிவிடும்.

இனி இணைப்பு. பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் உள்ள ஹெட் (head) பகுதியில் ஒரு லிங்க் (link) குறிச்சொல்லைச் சேர்த்து, அதன் ரெல் (rel) பண்புக்கு ஐகான் (icon) என்ற மதிப்பையும், எச்ரெஃப் (href) பண்புக்குப் படத்தின் முகவரியையும் கொடுங்கள். பழைய வழிகாட்டிகளில் ஷார்ட்கட் ஐகான் (shortcut icon) என்று இருக்கும். அதில் முதற்சொல் தேவையில்லை. இவ்வரி இல்லாவிட்டாலும் உலாவிகள் தளத்தின் வேர் முகவரியில், அதாவது தளப்பெயருக்கு அடுத்த முதல் நிலையில், ஃபேவிகான் டாட் ஐகோ (favicon.ico) என்ற கோப்பைத் தாமாகவே தேடுவது வழக்கம். சர்வர் பதிவேட்டில் அக்கோப்பின் பெயரில் ‘கோப்பு இல்லை’ எனப் பொருள்படும் 404 பிழைகள் குவிவதற்குக் காரணம் இதுதான். ஆனால் தளங்களை ஏற்றிவைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஒரு திட்டத்தின் தளம் துணை அடைவில் அமைந்திருந்தால் அந்தத் தேடல் உங்கள் கோப்பை எட்டாது. சாய்கோட்டில் தொடங்கும் முகவரியும் வேருக்கே போய்விடும் என்பதால், அடைவின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். ஐபோனின் முகப்புத் திரைக்காக 180க்கு 180 அளவில், ஒளி ஊடுருவாத பின்னணியுடன் ஆப்பிள் டச் ஐகான் (apple-touch-icon) ஒன்றும் வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பழைய உருண்டையே தெரிந்தால் கலங்க வேண்டாம். உலாவிகள் இச்சின்னத்தை நெடுநாள் சேமித்து வைப்பதால், பக்கத்தைப் புதுப்பித்தாலும் அது மாறாமல் இருப்பதுண்டு. இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் சரியாக இருந்த நிரலையே நான் திருத்திக்கொண்டிருந்தேன். படத்தின் முகவரியைத் தனித் தாவலில் திறந்து பாருங்கள். புதிய படம் வந்தால் சர்வரில் குறையில்லை என்று பொருள். அதன்பின் கோப்பின் பெயரை மாற்றி, லிங்க் வரியிலும் அதையே எழுதினால் உலாவி புதிதாக எடுத்துக்கொள்ளும். கூகுள் தேடல் முடிவுகளில் உங்கள் சின்னம் தோன்றச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். அதுவரை, தேடுபொறிகள் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் (robots.txt) கோப்பு முகப்புப் பக்கத்தையோ படத்தையோ தடுக்கவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.