கேட்ச் கேனில் பால் நிறக் கசடு: ஹெட் கேஸ்கெட் பழுதா?

வணக்கம் நண்பரே. உங்கள் 2013 ஃபோர்டு எஃப்-150 வண்டியின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் பொருத்திய ஆயில் கேட்ச் கேனில் (எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியைப் பிடித்து வைக்கும் சிறு டப்பா), குளிர் தொடங்கியதிலிருந்து பால் கலந்த காப்பி நிறத்தில் கசடு சேர்வதாகவும், டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் எண்ணெய்ப் படிவு குறையவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கூலன்ட் குறையாமலும் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாகவும் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (பழுதானால் கூலன்டை எண்ணெயில் கலக்கவிடக்கூடிய, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல்) சந்தேகிக்க வேண்டியதில்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழிறங்கும் எரிந்த வாயுக்களில் உள்ள நீராவி, குளிர்ந்த கேனுக்குள் நீராகி எண்ணெயோடும் சிறிது பெட்ரோலோடும் கலப்பதால்தான் அந்த நிறம் வருகிறது.

இன்டர்கூலர் விஷயம் வேறு. உங்கள் கேன் இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்லும் பிசிவி குழாயில் (எஞ்சினுக்குள் சேரும் இந்த வாயுக்களை மீண்டும் எரிக்க அனுப்பும் குழாய்) மட்டும் இருக்கிறது. டிரெய்லர் இழுக்கையில் டர்போ அழுத்தம் ஏறியதும் பிசிவி வால்வு மூடிக்கொண்டு, எண்ணெய் ஆவி மறுபக்க வால்வு கவரிலிருந்து டர்போவின் நுழைவாய்க்குப் போய்விடுகிறது. அந்தக் குழாயிலும் உள்ளே தடுப்புத் தகடுள்ள ஒரு கேன் வேண்டும். 2017-இல் வந்த எஞ்சினில் போர்ட் இன்ஜெக்ஷனும் (இன்டேக் வால்வுக்கு முன்பே பெட்ரோலைத் தெளிக்கும் முறை) இருப்பதால் பெட்ரோலே இன்டேக் வால்வுகளைக் கழுவிவிடுகிறது. உங்களுடையதில் அது இல்லாததால் எண்ணெய் ஆவி வால்வுகளில் படிந்தால் கழுவப்படாது; ஆகவே இரண்டாவது கேனுக்கான இந்தச் செலவு வீண் அல்ல.

காலி செய்வதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கேனில் நீர் உறைந்து வழி அடைபட்டால், எஞ்சினின் அடிப்பகுதியான கிரான்க் கேஸில் அழுத்தம் ஏறி, கிரான்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் பின்புற மெயின் சீலையே கசிய வைத்துவிடக்கூடும். ஆகவே உறைபனி நாட்களில் ஆயில் மாற்றும்வரை காத்திராமல், பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒருமுறை திறந்து வடித்துவிடுங்கள்.