நாற்காலிக்கு முன் சந்தா ரசீது

கேள்வி: சங்கமாகப் பதிவான மருத்துவமனையில் 19 வருஷமாக நர்ஸ். நிர்வாகக் குழுவில் 9 பேரும் ஆண்கள். மீனவர் ஒருவர்கூட இல்லை. “கடக்கரை ஆளுக்கு நிர்வாகம் எதுக்கு” என்று செயலாளரே பேசினார். குழுவில் இடம் கேட்டு வழக்குப் போடலாமா? இப்போது ‘கௌரவ உறுப்பினர்’ ஆக்குகிறோம், செக்கில் இரண்டாவது கையெழுத்து போடுங்கள் என்கிறார்கள்.
– தொண்டி வாசகி

பதில்: பேசியது அசிங்கம்தான். ஆனால் அதை வைத்து நாற்காலி கிடைக்காது. மீனவச் சமூகங்களில் பெரும்பாலானவை பி.சி., எம்.பி.சி. பட்டியலில் வருவதால், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான வன்கொடுமைச் சட்டமும் பெரும்பாலும் பொருந்தாது. பெண் இயக்குநர் கட்டாயம் என்பது 2013 கம்பெனிச் சட்டத்தில், அதுவும் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கும் பெரிய பொதுக் கம்பெனிகளுக்கும்தான். உங்கள் மருத்துவமனைக்குரிய 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

பார்க்க வேண்டியது ஒன்றே: சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? சம்பளப் பட்டியலில் இருப்பது கணக்கில்லை. சந்தா நிலுவை இருந்தால் உறுப்பினர் தகுதி போகுமா என்று பைலாவை (சங்கத்தின் விதிகள்) பாருங்கள். பெயர் இல்லையென்றால் குழுத் தேர்தலை எதிர்த்து வழக்குப் போட உங்களுக்கு வழியில்லை. பெயர் இருந்தாலும், சங்கத்தின் செயல்பாடு பற்றி மாவட்டப் பதிவாளரிடம் அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு விசாரணை கேட்க மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் சேர வேண்டும். திருவாடானை கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புக்குள் குழுவின் 3 வருஷமே முடிந்துவிடலாம்.

எனக்குப் பயம் அந்தக் கையெழுத்தில்தான். ‘கௌரவ’ என்று பைலாவில் இருந்தால் பெரும்பாலும் ஓட்டு இருக்காது. பொறுப்பு மட்டும் வரும். மருந்துக் கம்பெனிக்குக் கொடுத்த செக் திரும்பினால் செக் மோசடி வழக்கில் கையெழுத்துப் போட்டவரும் எதிரி. ஊழியரிடம் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் குழுப் பட்டியலில் உள்ளவர் பெயருக்கும் நோட்டீஸ் வரும். வெற்று மினிட்ஸ் பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைப்பதும் உண்டு, பின்னால் அதில் கடன் தீர்மானம் ஏறும். விலகினாலும், குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7 தாக்கலாகாவிட்டால் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெயர் அப்படியே கிடக்கும். ராஜினாமாவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒரு நகலைப் பதிவாளருக்கும் கொடுத்தால்தான் தப்பிக்கலாம்.

வழக்கு வேண்டாம், பேசி முடியுங்கள். கேட்க வேண்டியது பதவியை அல்ல, பைலா திருத்தத்தை: ஓட்டுரிமையோடு பெண்களுக்கு 2 இடம், அதில் ஒன்று ஊழியருக்கு. அதற்கு 21 நாள் நோட்டீஸ், வந்து ஓட்டுப் போடுவோரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு, பிறகு பதிவாளரிடம் தாக்கல். வாய்வார்த்தை அடுத்த குழுவைக் கட்டுப்படுத்தாது.

பேசப் போகும் முன் ராமநாதபுரம் பதிவாளர் அலுவலகத்தில் பைலா, கடைசிப் படிவம் 7 இரண்டுக்கும் நகல் எடுத்துவிடுங்கள். அதுவரை வங்கி மாதிரிக் கையெழுத்து அட்டையைத் தொடாதீர்கள்.