குழந்தை பார்க்க ஆள் வைக்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரித்தானியாவில் தம் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் பெற்றோரிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வருபவருக்கு இங்கே வேலை செய்யும் உரிமை உண்டா என்ற சரிபார்ப்பு முதல் வேலை நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி (ஹாரோ): வரப்போகிறவர் அயர்லாந்துக் குடிமகள். அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாம். மூலப் பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, நகல் எடுத்து, சரிபார்த்த தேதியை அதில் எழுதி வையுங்கள்.

கேள்வி (டூட்டிங்): எங்களுக்குத் தெரிந்த சென்னை மாணவி வாரம் 30 மணி நேரம் வர முடியும் என்கிறார். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர் என்ன படிக்கிறார், இப்போது பருவம் நடக்கிறதா விடுமுறையா என்ற இரண்டையும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள், பதில் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பு என்றால் பருவ காலத்தில் பொதுவாக வாரம் 20 மணி நேரமும், அதற்குக் கீழான படிப்பு என்றால் 10 மணி நேரமும்தான் அனுமதி. கடையில் பார்க்கும் வேலையும் உங்கள் வீட்டில் பார்க்கும் வேலையும் சேர்த்தே இந்தக் கணக்கு. பல்கலைக்கழகத்தின் பருவ, விடுமுறைத் தேதிகளுக்கான ஆதாரத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): வேலைக்கு வரும் பெண் தன் இ-விசா (இணையத்தில் உள்ள விசாப் பதிவு) பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவர் எங்கள் ஊர்க்காரர், குடும்பத்தையே தெரியும். அதைச் சேமித்து வைத்தால் போதாதா?

பதில்: போதாது. இதை எத்தனை முறை எழுதினாலும் ஒவ்வொரு மாதமும் இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அவர் தன் கணக்கில் நுழைந்து பார்க்கும் பக்கம் அவருக்கானது. அதன் படத்துக்கோ, அவர் தன் கைபேசியில் திறந்து காட்டுவதற்கோ சட்டத்தில் மதிப்பில்லை. அவர் உங்களுக்கு ஒரு ஷேர் கோடு, அதாவது தன் விசாப் பதிவை நீங்கள் பார்க்க அனுமதிக்கும் குறியீடு, தர வேண்டும். அதையும் அவருடைய பிறந்த தேதியையும் அரசு இணையதளத்தில் வேலை தருபவருக்கென உள்ள பக்கத்தில் நீங்களே உள்ளிட வேண்டும். அப்போது திறக்கும் பக்கத்தில் அவருடைய படமும், எந்தத் தேதி வரை, எந்த நிபந்தனையோடு வேலை செய்யலாம் என்பதும் இருக்கும். அந்தப் படத்தை நேரிலோ நேரலைக் காணொளியிலோ முகத்தோடு ஒப்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து, அவர் வேலையில் இருக்கும் காலம் முழுவதும், அதன் பின் இரண்டு ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். குறியீட்டின் முதல் எழுத்தையும் பாருங்கள். வேலைக்கான குறியீடு டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும். ஒரு குடும்பம் என்னிடம் கொண்டுவந்த கோப்பில் ஆர் எழுத்தில் தொடங்கும் குறியீடு இருந்தது. அது வாடகை வீட்டுக்கானது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அந்த வீட்டில் நான்கு மாதம் வேலை செய்த பிறகுதான் அதை யாரோ கவனித்திருக்கிறார்கள்.

ஊர்க்காரர் என்ற நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையை ஒப்படைக்க அந்த நம்பிக்கை வேண்டும். ஆனால் அனுமதியில்லாதவரை வைத்திருந்ததாகப் பிடிபட்டால், முறையான சரிபார்ப்பு ஒன்றுதான் உங்களைக் காக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து முதல் முறைக்கான அபராதம் ஆளுக்கு 45,000 பவுண்டு வரையும், மீண்டும் நடந்தால் 60,000 வரையும் போகலாம். அதற்கு முன் உச்ச வரம்புகள் 15,000, 20,000தான். தெரிந்தே வைத்திருந்தால் அது குற்ற வழக்கு, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பத்து நிமிட வேலைக்காக இவ்வளவு பெரிய ஆபத்தை ஒரு குடும்பம் ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

கேள்வி (குரோய்டன்): நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடமும் ஆவணம் கேட்பது மரியாதைக் குறைவல்லவா?

பதில்: அல்ல. பேச்சையும் நிறத்தையும் பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்பதுதான் மரியாதைக் குறைவு, பாகுபாட்டு வழக்குக்கும் அதுவே வழி. எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): எங்களிடம் வேலை செய்பவரின் விசா அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டதாகச் சொல்கிறார். நிறுத்த வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், விசா முடியும் முன்பே விண்ணப்பித்திருந்தால் பழைய உரிமை பொதுவாகத் தொடரும். ஆனால் அவர் சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். தேதி முடியும் முன் மறு சரிபார்ப்பு செய்யுங்கள். இணையத்தில் உறுதியாகாவிட்டால், வேலை தருவோருக்கென உள்துறை நடத்தும் சரிபார்ப்புச் சேவைக்கு எழுதுங்கள். அவர்கள் தரும் உறுதிக் கடிதம் ஆறு மாதத்துக்குச் செல்லும். அடுத்த தேதியை நாள்காட்டியில் இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ரெடிங்): துபாயிலிருந்து வந்த நண்பர்கள் வீட்டுப் பணியாளர் விசாவில் அழைத்து வந்த பெண், இங்கே எங்கள் வீட்டுக்கு மாற விரும்புகிறார். அவருடைய பாஸ்போர்ட் நண்பரிடம் இருக்கிறது. அதை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர் மாறலாம். ஆனால் அந்த விசா ஆறு மாதத்துக்குத்தான், பொதுவாக நீட்டிக்க முடியாது. மீதமுள்ள நாள்களில் தனியார் வீட்டு வேலைதான் பார்க்க முடியும். உங்கள் சரிபார்ப்பையும் முதல் நாளுக்கு முன் நீங்களே செய்யுங்கள், நண்பர் செய்திருந்தது உங்களுக்கு உதவாது. பாஸ்போர்ட்டை இன்றே அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது நகல் மட்டும்.