லூட் வாங்கும் முன் கிட்டாரின் மூன்றாம் கம்பியை இறக்கிப் பாருங்கள்

"நான்கு வருஷமாக கிளாசிக்கல் கிட்டார் கற்கிறேன். பழைய ஆங்கிலேய இசைக்காரர் ஜான் டௌலண்டின் இசையைக் கேட்டதிலிருந்து, அவர் வாசித்த லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியத்தின் மேல் ஆசை பிடித்துக்கொண்டது. ஆன்லைனில் மலிவாக ஒன்று வருகிறது. வாங்கலாமா, இல்லை கிட்டாரிலேயே வாசித்துக்கொள்ளலாமா? நான் இருப்பது கடலோர ஊர், இந்தப் புழுக்கத்தை அது தாங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். குறிப்பாக அந்த மலிவானதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லூட் என்றால் யாழ் என்று பலர் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம்தான், விரலால் அழுத்தி ஸ்வரத்தை மாற்ற அதற்குக் கழுத்தே கிடையாது. லூட்டில் இடது கை கழுத்திலுள்ள மெட்டுகளில் (ஃப்ரெட்) அழுத்தும், வலது கை மீட்டும். அப்படிப் பார்த்தால் அதற்குச் சொந்தம் நம் வீணைதான். நேரடித் தாய் அரபு நாட்டு ஊத். 'அல் ஊத்' என்றால் மரம் என்று பொருள். மூர்கள் (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள்) ஆண்ட ஸ்பெயின், சிசிலி வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது அந்த 'அல்'லில் இருந்த ல-வும் பெயரோடு ஒட்டிக்கொண்டு லூட் ஆகிவிட்டது. ஊத்துக்கு மெட்டுகள் கிடையாது, ஐரோப்பாக்காரர்கள்தான் ஆட்டுக்குடலில் திரித்த நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி மெட்டாக்கினார்கள். தளர்த்தி நகர்த்தலாம், தேய்ந்தால் நாமே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் பெரும்பாலும் இறகுத்தண்டால்தான் மீட்டினார்கள். அதைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் வாசிக்கத் தொடங்கியதும் கதையே மாறியது. ஒரே ஆள் இரண்டு மூன்று குரல்களை ஒன்றோடொன்று பின்னி வாசிக்க முடிந்தது. 1507இல் வெனிஸில் பெத்ருச்சி என்ற அச்சகக்காரர் லூட் இசையை அச்சிட்டே விற்கிறார். அடுத்த தலைமுறையில் பிரான்செஸ்கோ தா மிலானோ என்பவரை 'தெய்வீகர்' என்றே அழைத்தார்கள். உங்கள் டௌலண்ட் (1563–1626) இதற்கெல்லாம் பிறகு வருகிறார். ஊரே கொண்டாடிய ஆள், ஆனால் இங்கிலாந்து அரசவையில் வேலை கிடைக்கவில்லை. டென்மார்க் அரசரிடம் 1598இலிருந்து 1606 வரை வேலை பார்த்துவிட்டு வந்து, 1612இல்தான் சொந்த நாட்டு அரசவைக்குள் நுழைந்தார். அவர் இசையில் அவ்வளவு துக்கம் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் துக்கம் ஒரு நாகரிகமும்கூட.

சரி, கிட்டாருக்கு வருவோம். லூட்டில் கம்பிகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஆறு ஜோடி லூட்டின் கம்பிகளுக்கிடையே உள்ள ஸ்வர இடைவெளிகள் உங்கள் கிட்டாரில் இருப்பவைதான், ஒன்று மட்டும் இடம் மாறியிருக்கிறது. மூன்றாவது கம்பியை ஜி-யிலிருந்து அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஷார்ப்பில் வையுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். அவ்வளவுதான், ஜி சுருதி லூட்டின் கம்பி அமைப்பு அப்படியே வந்துவிடும். இதன் பெரிய லாபம், 400 வருஷத்துக்கு முந்தைய லூட் ஏடுகளை ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு மாற்றாமல் நேராகவே பார்த்து வாசிக்கலாம் என்பது. அவை டாப்லேச்சரில், அதாவது ஸ்வரத்துக்குப் பதில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறிமுறையில் இருக்கும்: ஆறு கோடு, ஒவ்வொரு கோடும் ஒரு ஜோடிக் கம்பி. பிரெஞ்சு முறையில் (டௌலண்டும் இதில்தான் எழுதினார்) ஏ என்றால் அழுத்தாத கம்பி, பி முதல் மெட்டு, சி இரண்டாவது. அந்தப் பழைய எழுத்தில் சி பார்ப்பதற்கு ஆர் மாதிரி இருக்கும், முதல் வாரம் எல்லோரும் ஏமாறுவார்கள். இத்தாலிய முறையில் எழுத்துக்குப் பதில் எண்கள், அதோடு கோடுகள் தலைகீழ், அதாவது மேல்கோடுதான் தடித்த கம்பி. முதலில் பிரெஞ்சு முறையைப் பழகிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள்.

ஆறு மாதம் இப்படி வாசித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் லூட் பற்றி யோசிக்கலாம். ஏனென்றால் கிட்டாரில் ஸ்வரங்கள் வரும், ஓசை வராது. லூட்டின் மேல்பலகை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்தான், முதுகு மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டியது. கையில் எடுத்தால் இவ்வளவுதானா என்று தோன்றும் எடை. கம்பிகளின் இழுவிசையும் கிட்டாரில் இருப்பதில் பாதிதான் இருக்கும். அதனால் கிட்டார் பலத்தோடு மீட்டினால் அது கத்தும், பாடாது. நகத்தை வெட்டிவிட்டு விரல் சதையால்தான் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள், கிட்டாருக்காக நகம் வளர்த்தவர்களுக்கு இது ஒரு சின்னத் துக்கம். அலங்காரத்துக்காகச் செய்யப்படும் மலிவு லூட்டுகள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்: பலகை தடிமன், உடம்பு கனம், பிரடைகள் (கம்பியை முறுக்கும் முளைகள்) நழுவும். நானும் ஆரம்பத்தில் அப்படி ஒன்றை வாங்கி, அது சுருதியில் நின்ற நேரத்தைவிட நான் சுருதி சேர்த்த நேரமே அதிகம் என்ற நிலையில் சுவரில் மாட்டினேன். நல்ல லூட்டுக்கே இந்தக் கெட்ட பெயர் உண்டு. 80 வயது வாழ்ந்த லூட்காரர் 60 வருஷம் சுருதி சேர்த்தே கழித்திருப்பார் என்று ஜெர்மன் இசை எழுத்தாளர் மாத்தெசோன் 1713இலேயே கிண்டல் செய்திருக்கிறார்.

வாங்கினால் எட்டு ஜோடி லூட்டாகப் பாருங்கள், 15 கம்பி (முதல் 'ஜோடி' மட்டும் ஒற்றைக் கம்பி). டௌலண்டின் பெரும்பகுதி அதில் அடங்கும், பழைய ஆறு ஜோடி இசையும் வாசிக்கலாம். வைஸ், பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர்களின் காலத்து (18ஆம் நூற்றாண்டு) 13 ஜோடிப் பரோக் லூட்டுக்கு ஆசைப்படாதீர்கள். 24 கம்பி (முதல் இரண்டு ஒற்றை) என்பது ஒருபக்கம், அதன் சுருதி அமைப்பே வேறு, கிட்டாரில் பழகிய இடது கை விரலமைப்பு கைகொடுக்காது.

புழுக்கம் பற்றிய பயம் நியாயமானது. நல்ல லூட்டுகளை இன்றும் விலங்குப் பசையால் ஒட்டுகிறார்கள், ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும். கெட்டியான பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. நிறுத்திய காரில் ஒருபோதும் விடாதீர்கள். கம்பிகளில் அசல் குடல் நரம்பு வேண்டாம், ஈரத்தில் சுருதி ஓடும், செயற்கை நரம்பு போதும். ஆங்கிலேய லூட்காரர் தாமஸ் மேஸ் 1676இல் வெளியிட்ட புத்தகத்தில் இதே ஈரத்துக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்: பகலில் லூட்டைத் தினமும் புழங்கும் படுக்கையில் கம்பளிக்கு அடியில் வையுங்கள் என்று. கூடவே, அது உள்ளே இருப்பது தெரியாமல் யாரும் படுக்கையில் விழுந்துவிடக் கூடாது என்கிறார், அப்படிப் பல நல்ல லூட்டுகள் வீணானது அவருக்கே தெரியுமாம்.