ஹோர்மோன் குளிசையை நிறுத்திய பின் குறைந்த டி-ஸ்கோர்

மாதவிடாய் நின்றபின் எடுத்த ஹோர்மோன் குளிசையை நிறுத்தினாலும் என்புக்கு அதன் பாதுகாப்பு தொடருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, குளிசை என்புக்குத் தந்த பாதுகாப்பு அதை நிறுத்திய பின்னர் நிலைத்திருக்காது. இரண்டு வருடங்களில் உங்கள் இடுப்பு என்பின் டி-ஸ்கோர் (என்பின் அடர்த்தியைக் காட்டும் எண்) -1.9 இலிருந்து -2.4 ஆக இறங்கியமைக்கு, குளிசையிலிருந்த ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் விலகியதும் என்பைக் கரைக்கும் கலங்கள் மீண்டும் தீவிரமாக இயங்கத் தொடங்கியதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஆயினும், ஒரு ஸ்கேனை வெள்ளவத்தையிலும் மற்றையதைப் பொரளையிலும் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வெவ்வேறு இயந்திரங்கள் தரும் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது என்பதால், அடுத்ததை முதல் இடத்திலேயே எடுப்பது நல்லது. அதோடு இவற்றையும் பாருங்கள்:

1. வெறுங்காலுடன் சுவரோடு நின்று உயரத்தை அளவிடுங்கள். இளமையில் இருந்ததைவிட 4 சென்ரிமீற்றர் குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் முள்ளந்தண்டு எக்ஸ்ரே தேவைப்படலாம்.

2. தைரொயிட்டுக்கான தைரொக்சின் குளிசை எடுப்பதால், அதன் அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் அவசியம், தைரொக்சினின் அளவு கூடினாலும் என்பு தேயும். விட்டமின் டி-யையும் பாருங்கள். காலி வீதியில் வெயில் கொளுத்துகிறது, ஆனால் நாம் குடையின் கீழ்தானே நடக்கிறோம்!

மிச்சமிருக்கும் ஹோர்மோன் குளிசையை வைத்தியரைக் கேளாமல் மீண்டும் தொடங்க வேண்டாம். உங்களுக்கு 61 வயது. 60 வயதைக் கடந்தபின் தொடங்கும்போது பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவற்றின் அபாயம் கூடுதல் என்பதால், என்புக்காக மட்டும் என்றால் அலென்ட்ரோனேட் போன்ற வேறு மருந்தையே பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள்.