ஹெட்போனுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர்தர ஹெட்போன் வாங்கியவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘எத்தனை ஓம்?’ என்றுதான் தொடங்குகின்றன. ஓம் என்பது ஹெட்போன் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பின், அதாவது இம்பீடன்ஸின், அலகு. ஓம் கணக்கை மட்டும் வைத்து ஆம்ப்ளிஃபயர் தேர்ந்தெடுத்தவர்கள் ஏமாந்ததை நிறையப் பார்த்துவிட்டேன். எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை மில்லியாம்பியர் வேண்டும், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (வெளியீட்டில் அதற்கே உள்ள எதிர்ப்பு) என்ன என்ற மூன்றும் தெரிந்தால் பொருத்தம் பார்க்கும் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். கீழேயுள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே வருகின்றன.

என்னிடம் இருப்பது 300 ஓம் சென்ஹைசர் எச்டி 800 எஸ். நண்பர் 60 ஓம் ஹைஃபைமேன் சுஸ்வாரா வைத்திருக்கிறார். ஒரே ஆம்ப்ளிஃபயரில் என்னுடையது கணீரென்று ஒலிக்கிறது, அவருடையது சோர்ந்துபோகிறது. ஓம் குறைந்தால் இயக்குவது சுலபம் என்கிறார்களே?

ஓம் மட்டும் எதையும் சொல்லாது. அதோடு உணர்திறனையும், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு ஹெட்போன் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

இசையின் சராசரி அளவு 85 டெசிபல் என்றால்கூட, தாள வாத்தியத்தின் ஓர் அடி அதைவிட 20 டெசிபல் மேலே எகிறும். ஆகவே கணப்பொழுது உச்சங்களுக்காக, கொஞ்சம் கூடுதல் இடமும் விட்டு, 110 டெசிபலை இலக்காக வைத்துக்கொள்வோம். எச்டி 800 எஸ்ஸின் உணர்திறன் 1 வோல்ட்டுக்கு 102 டெசிபல். இன்னும் 8 டெசிபல் வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 2.5 வோல்ட் போதும். 300 ஓமில் அது வெறும் 8 மில்லியாம்பியர், 21 மில்லிவாட்.

சுஸ்வாராவின் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். 110ஐத் தொட இன்னும் 27 டெசிபல், அதாவது சுமார் 500 மில்லிவாட் வேண்டும். 60 ஓமில் அதற்கு 5.5 வோல்ட்டும் 91 மில்லியாம்பியரும் தேவை. உங்கள் ஹெட்போன் கேட்பதைப் போல இருபது மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றலை உங்கள் நண்பருடையது கேட்கிறது. 91 மில்லியாம்பியரைச் சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றால் தர முடியாது. வோல்ட் இருந்தும் மின்னோட்டம் தீர்ந்துபோகிறது. ஒலியின் உச்சங்கள் மழுங்குகின்றன. நீங்கள் கேட்ட சோர்வு அதுதான்.

உங்கள் நண்பருக்கு 60 ஓமில் 1 வாட்டுக்கு மேல் சுத்தமாகத் தரும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதிகபட்சத் திறன் எத்தனை வாட் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்த வாட் எத்தனை ஓமில் கிடைக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 32 ஓமில் 2 வாட் தரும் கருவி 300 ஓமில் எவ்வளவு தரும் என்பது அதன் வோல்ட் எல்லையைப் பொறுத்தது.

ஒரு நிறுவனம் உணர்திறனை வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்கிறது, இன்னொன்று மில்லிவாட்டுக்கு என்கிறது. எப்படி ஒப்பிடுவது?

மிக முக்கியமான கேள்வி. வோல்ட் கணக்கு பார்வைக்கு எப்போதும் பெரிய எண்ணாகத் தெரியும். வோல்ட் கணக்கிலிருந்து மில்லிவாட் கணக்குக்கு வர, 32 ஓம் ஹெட்போனுக்கு 15 டெசிபல் கழியுங்கள். 300 ஓமுக்கு 5 டெசிபல். 16 ஓமுக்கு 18. வோல்ட்டுக்கு 110 டெசிபல் என்று அட்டையில் போட்டிருக்கும் 32 ஓம் ஹெட்போன், மில்லிவாட் கணக்கில் 95 மட்டுமே. மற்ற ஓம்களுக்கு வேண்டுமானால்: ஆயிரத்தை ஓமால் வகுத்து, வரும் எண்ணின் மடக்கையைப் பத்தால் பெருக்குங்கள். கழிக்க வேண்டியது அந்த எண்தான். எந்த அலகு என்றே சொல்லாமல் ‘98 டெசிபல்’ என்று மொட்டையாக அச்சிடும் நிறுவனங்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது பெரிய அநியாயம்.

பேயர்டைனமிக் டிடி 880 மூன்று விதமாக, 32, 250, 600 ஓம்களில் கிடைக்கிறது. உயர்ந்த ஓம்தான் உயர்ந்த தரமா?

எதில் இணைக்கப்போகிறீர்கள் என்பதே கேள்வி. மூன்றுக்கும் மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்றே நிறுவனம் குறிப்பிடுகிறது. 110 டெசிபலுக்கு மூன்றும் கேட்பது ஒரே 25 மில்லிவாட்தான். ஆனால் 32 ஓம் அதை 0.9 வோல்ட்டிலும் 28 மில்லியாம்பியரிலும் எடுத்துக்கொள்ளும். 600 ஓமுக்கு 3.9 வோல்ட்டும் 6.5 மில்லியாம்பியரும் வேண்டும். கைபேசியோடு வரும் சிறிய இணைப்பான்களில் பல 1 வோல்ட் அளவில் நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு 32 ஓம். மேசையில் வைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 250 நல்ல நடுவழி. வெளியீட்டில் மின்மாற்றி இல்லாத வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தால் யோசிக்காமல் 600ஐ எடுங்கள். அத்தகைய ஆம்ப்ளிஃபயருக்கு வோல்ட் தருவது எளிது, மின்னோட்டம் தருவது கடினம்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் எச்டி 650 கேட்டால் இசை இன்னும் கதகதப்பாக இருக்கிறது. இது என் கற்பனையா, உண்மையா?

உண்மை. எண்ணாலும் காட்டலாம்.

300 ஓம் என்பது பெயரளவு. எச்டி 650இன் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே 500 ஓமை ஒட்டி ஏறுகிறது. ஒலிக்கூம்பு தன் இயல்பான அதிர்வெண்ணில் அசையும் இடம் அது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 1 ஓமுக்கும் குறைவென்றால் இந்த ஏற்றம் எதையும் மாற்றாது. வெளியீட்டு இம்பீடன்ஸ் 120 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 300 ஓம் இருக்கும் இடத்தில் 2.9 டெசிபல் இழப்பு, 500 ஓம் இருக்கும் இடத்தில் 1.9 டெசிபல் இழப்பு. வித்தியாசம் 1 டெசிபல். பாஸின் மேற்பகுதி அந்த அளவுக்கு மேலெழுகிறது. கூடவே, கூம்பின் அசைவைக் கட்டுப்படுத்தும் பிடியும் சற்றுத் தளர்கிறது. வால்வின் சொந்தத் திரிபும் சேரும்போது உங்களுக்கு அது கதகதப்பாகப் படுகிறது.

பிடித்திருக்கிறது என்றால் தயங்காமல் அனுபவியுங்கள். 120 ஓம் என்பதே ஒரு காலத்தில் விதியாக இருந்த எண்தான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61938 தரநிலை ஹெட்போன் வெளியீட்டுக்கு அதைத்தான் பரிந்துரைத்தது. ஆனால் வடிவமைப்பாளர் தீட்டிய ஒலியை அப்படியே கேட்க வேண்டும் என்றால், வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது. நான் இன்னும் கறாராக இருப்பேன்: இன்று 1 ஓமுக்குக் கீழே தருவது கடினமே இல்லை.

பிளானர் மேக்னெட்டிக் ஹெட்போன்களுக்கு (கூம்புக்குப் பதில் காந்தங்களுக்கு அருகே தட்டையான படலம் அசையும் வகை) இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. அவற்றின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்களிலும் ஏறத்தாழ ஒரே கோடாக இருப்பதால், ஆற்றல் வீணாகுமே தவிர ஒலியின் நிறம் மாறாது.

பல டிரைவர்கள் (ஒலியை எழுப்பும் உறுப்புகள்) கொண்ட இயர்போனை மேசை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கிறது. குரல்களும் விநோதமாக ஒலிக்கின்றன. இயர்போன் பழுதா?

பழுது இல்லை, பொருத்தம் தவறு. இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

முதலில் குரல். இத்தகைய இயர்போன்களின் இம்பீடன்ஸ் ஓர் அதிர்வெண்ணில் 40 ஓமாகவும் வேறோர் இடத்தில் 5 ஓமாகவும் இருக்கக்கூடும். 10 ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸ் உள்ள ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் இவ்விரு இடங்களுக்கும் இடையே ஏழரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் விழும். எச்டி 650இல் நாம் பார்த்த 1 டெசிபலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது வேறு இயர்போனையே காதில் மாட்டியது போலாகிவிடும். அரை ஓமுக்குக் கீழே உள்ள வெளியீடு தேடுங்கள்.

அடுத்து இரைச்சல். வோல்ட்டுக்கு 133 டெசிபல் உணர்திறன் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகையில் இது அரிதல்ல. ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்றால் காதில் விழுவது 33 டெசிபல். அமைதியான அறையில் அது தெளிவாகக் கேட்கும். 1 மைக்ரோவோல்ட் என்றால் 13 டெசிபல், காணாமல் போய்விடும். இதே 10 மைக்ரோவோல்ட்டை எச்டி 800 எஸ்ஸில் நீங்கள் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. கெயின் (சைகையை எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அளவு) சுவிட்சைக் கீழே இறக்கிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் இயர்போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே இடும் தணிப்பான் உதவும். அதுவும் வெளியீட்டு இம்பீடன்ஸை உயர்த்தாத வகையாக இருக்க வேண்டும்.

ஒலியளவுக் குமிழைப் பாதிக்குமேல் திருப்பினால் ஆம்ப்ளிஃபயர் திணறுகிறது என்று பொருளா?

இல்லை. குமிழின் இடம் கெயினைக் காட்டுகிறது, திறனைக் காட்டவில்லை. சொல்லப்போனால் குமிழை அடியில் வைத்துக் கேட்பதுதான் தொல்லை. சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர்களில் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறு மின்தடை) அந்த இடத்தில் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை. கெயினைக் குறைத்து, குமிழை நடுப்பகுதியில் வைத்துக் கேளுங்கள்.

பேலன்ஸ்டு வெளியீட்டுக்கு மாறினால் ஒலி மேம்படுமா? கேபிள் மாற்ற வேண்டியிருக்கிறது.

பேலன்ஸ்டு வெளியீட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரெதிராக இயங்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருப்பதால் வோல்ட் இரட்டிப்பாகும். மின்னோட்டம் தாக்குப்பிடித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். வெளியீட்டு இம்பீடன்ஸும் இரட்டிப்பாகும். 300 ஓம், 600 ஓம் ஹெட்போன்களுக்குச் சிறிய கையடக்கக் கருவிகளில் இது பெரிய வரம். இரு பக்கங்களும் ஒரே பொதுக் கம்பி வழியே திரும்பாததால் ஒரு பக்கம் மறுபக்கத்தில் கசிவதும் குறைகிறது. ஆனால் சாதாரண வெளியீட்டிலேயே தேவையான வோல்ட் கிடைத்துவிட்டால், பேலன்ஸ்டாக மாற்றியதால் மட்டும் ஒலி உயராது. மாறியதும் பிரமாதமாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம், அதே குமிழ் நிலையில் 6 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான்.

ஓர் எச்சரிக்கை. நான்கு கம்பிகள் கொண்ட பேலன்ஸ்டு கேபிளை அடாப்டர் வழியே சாதாரண 6.35 மி.மீ. துளையில் இணைக்கலாம். தலைகீழாகச் செய்யவே கூடாது. மூன்று கம்பி ஹெட்போனை பேலன்ஸ்டு வெளியீட்டில் மாட்டினால் இரண்டு எதிர்முனை ஆம்ப்ளிஃபயர்களும் ஒன்றோடொன்று குறுக்கிணைந்து எரிந்துபோகலாம்.

விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரில் இசைக்கருவிகள் விரிந்து, பிரிந்து கேட்கின்றன என்கிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் காதில் குறையா?

உங்கள் காது நேர்மையாக இருக்கிறது. திறனும் வெளியீட்டு இம்பீடன்ஸும் பொருந்திவிட்ட, நன்றாக வடிவமைத்த இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களின் திரிபு, இசைக்கு 100 டெசிபல் கீழே கிடக்கிறது. அதைப் பிரித்தறிவது மனிதக் காதுக்கு மிகமிகக் கடினம்.

ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும் என்றால் முறையாக ஒப்பிடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும்போதே இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டையும் நல்ல வோல்ட்மீட்டரால் அளந்து, 0.1 டெசிபலுக்குள், அதாவது சுமார் ஒரு சதவீதத்துக்குள் சமப்படுத்துங்கள். எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றித்தரச் சொல்லுங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் மூளை ‘சத்தம் அதிகம்’ என்று பதிவு செய்வதில்லை, ‘தெளிவு அதிகம்’ என்று பதிவு செய்கிறது. ஆம்ப்ளிஃபயர் விமர்சனங்களில் வரும் வியப்புகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மேம்படுத்தக் கையில் பணம் இருந்தால் ஹெட்போனில் போடுங்கள். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையே 5, 10 டெசிபல் வித்தியாசங்கள் சர்வசாதாரணம்.

ஈக்வலைசரில் பாஸை 6 டெசிபல் உயர்த்துகிறேன். ஆம்ப்ளிஃபயர் கணக்கு மாறுமா?

மாறும். அந்த அதிர்வெண்களில் இருமடங்கு வோல்ட், நான்கு மடங்கு ஆற்றல். டிஜிட்டல் ஈக்வலைசரில் முதலில் மொத்த அளவை 6 டெசிபல் குறைத்துவிட்டுத்தான் பாஸை ஏற்ற வேண்டும். இல்லையேல் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன்பே ஒலி வெட்டுப்படும். பிறகு குறைத்ததை ஆம்ப்ளிஃபயரில் ஈடுகட்டுவீர்கள். முதல் பதிலில் போட்ட கணக்கோடு இந்த 6 டெசிபலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்தவகை டைனமிக் ஹெட்போன்களில் மிக ஆழமான பாஸை இப்படி ஏற்றினால், ஆம்ப்ளிஃபயர் திணறும் முன் ஹெட்போனின் டிரைவரே திணறும்.

ஸ்பீக்கருக்கான 50 வாட் ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போனை நேரடியாக இணைக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ‘வேண்டாம்’. 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட். அது எச்டி 800 எஸ்ஸில் 128 டெசிபல். குமிழை ஒருமுறை தவறுதலாகத் தட்டிவிட்டால் போதும், போன செவித்திறன் திரும்பி வராது. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்களில் எதிர்முனை தரைமுனையாக இருப்பதில்லை. மூன்று கம்பி ஹெட்போனை அதில் இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் நாசமாகும்.

விதிவிலக்குகள் உண்டு. ஏகேஜி கே1000, 120 ஓம், மில்லிவாட்டுக்கு வெறும் 74 டெசிபல். 110க்கு 4 வாட் கேட்கும். அதை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரில் இயக்குவதுதான் வழக்கம். சுஸ்வாராவையும் பலர் இப்படிக் கேட்கிறார்கள். அவர்களும் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலைத் தணிக்க நடுவே மின்தடைகள் வைப்பது நல்லது.

பழைய ஸ்டாக்ஸ் எலெக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போன் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. என் ஆம்ப்ளிஃபயரில் இயக்க முடியுமா?

நேரடியாக முடியாது. மெல்லிய படலத்துக்கு நிலையான மின்னேற்றமும், இருபுறத் தகடுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் சைகையும் வேண்டும். அதற்கென்றே தனி இயக்கி தேவை. பிளக்கைப் பாருங்கள்: ஆறு முனை என்றால் 230 வோல்ட் மின்னேற்றம் வேண்டும் பழைய வகை, ஐந்து முனை என்றால் 580 வோல்ட் வேண்டும் ‘ப்ரோ’ வகை. ஆறு முனைப் பிளக் ப்ரோ துளைக்குள் நுழையாது. நடுமுனையை வெட்டி நுழைக்க முயலாதீர்கள், படலம் போய்விடும். ப்ரோ பிளக் பழைய துளையில் நுழையும், ஆனால் ஒலி குறைவாக இருக்கும். உங்களிடம் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அதன் வெளியீட்டை வாங்கி மின்மாற்றியால் உயர்த்தித் தரும் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்டி-7 போன்ற பெட்டி ஒன்றைத் தேடலாம். அதிலும் இரண்டு வகைத் துளைகளும் கொண்ட பதிப்பு உண்டு. உங்கள் பிளக்குக்கு ஏற்றதா என்று பார்த்து எடுங்கள்.